நாய்க்குட்டிப் பையைத் தைத்தது ஆர்?

பாவித்த சாமான்கள் விற்கிற இடங்களில் உடுப்பு, சப்பாத்து, பீங்கான் எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு பொருள் அடிக்கடி கண்ணில் படும். சின்னப் பிள்ளைகளின் கைப்பை. ஆனால் பை மாதிரி இராது, நாய்க்குட்டி மாதிரி இருக்கும். புசுபுசு என்ற துணி, தொங்குகிற இரண்டு காது, கறுத்த பிளாஸ்ரிக் கண், முதுகில் ஒரு சிப், தோளில் கொழுவ ஒரு வார். உள்ளுக்குள்ள இரண்டு டொபியும் ஒரு லேஞ்சியும் வைக்கலாம். அவ்வளவுதான் இடம்.

இதைப் பற்றி எழுத என்ன வரலாறு இருக்கு எண்டு நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். வரலாறு எண்டால் அரசர், போர், ஒப்பந்தம், ஆண்டுகள் எண்டுதான் பள்ளிக்கூடத்தில் எங்களைப் பழக்கி வைத்திருக்கினம். ஆனால் ஒரு பொருளைக் கையில் எடுத்து, இது எங்க செய்தது, எப்ப செய்தது, ஆர் செய்தது எண்டு கேட்டுக்கொண்டே பின்னால் நடந்தாலும் வரலாற்றுக்குள்தான் போய்ச் சேருவம். இந்த நாய்க்குட்டியைப் பிடித்துக்கொண்டு நாங்கள் அப்படி நடந்து பார்த்தோம். அது முதலில் ஜேர்மனியில் ஒரு தையற்காரியிடம் கொண்டுபோய் விட்டது. பிறகு தாய்லாந்தில் பூட்டிக் கிடந்த ஒரு கதவுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தியது.

ஊசி குத்த ஒரு யானை

ஜேர்மனியின் தெற்கில் கீங்கன் என்று ஒரு சிறிய ஊர். அங்கே 1847இல் பிறந்தவர் மார்கரெட்ட ஸ்டைஃப். ஒன்றரை வயதில் போலியோ வந்து இரண்டு காலும் வழங்காமல் போனது. வலது கையிலும் பலம் குறைவு. அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட ஒரு பெண்ணை வீட்டுக்குச் சுமை எண்டுதான் ஊர் கணக்குப் போடும். அவர் தையல் பழகினார். 1877இல் ஃபெல்ட் என்கிற அமுக்கிய கம்பளித் துணியில் உடுப்புகள் தைத்து விற்க ஒரு கடை தொடங்கினார்.

1879ஆம் ஆண்டின் கடைசியில் ஒரு பெண்கள் சஞ்சிகையில் சின்ன யானை ஒன்றின் வெட்டு மாதிரி வந்தது. அதைப் பார்த்து, தையல் ஊசிகளைக் குத்தி வைக்கிற மெத்தையாக யானைகள் தைத்தார். பெரியவர்களுக்கு என்று செய்ததைப் பிள்ளைகள் தூக்கிக்கொண்டு விளையாடத் தொடங்கிவிட்டார்கள். அதுவரைக்கும் கடைப் பொம்மை எண்டால் பெரும்பாலும் மரம், தகரம், பீங்கான். விழுந்தால் உடையும், அடித்தால் நோகும். கட்டிப்பிடித்துக்கொண்டு படுக்கக் கூடிய ஒன்று பிள்ளைகளுக்குக் கிடைத்தது பெரிய விசயம். 1886இல் அந்தக் கடை ஐயாயிரத்துக்கு மேற்பட்ட யானைகளை விற்றது. யானைக்குப் பின்னால் குதிரை, பூனை, குரங்கு, நாய் எல்லாம் வந்தன. எங்கட நாய்க்குட்டியின் பூட்டி இந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறாள்.

பெரிய பாய்ச்சல் 1903இல். மார்கரெட்டவின் பெறாமகன் ரிச்சர்ட் ஸ்டைஃப் கைகாலை அசைக்கக் கூடிய ஒரு கரடியை வடிவமைத்தார். லைப்சிக் நகரத்துச் சந்தையில் ஒரு அமெரிக்க வியாபாரி 3,000 கரடிகளுக்கு ஒரேயடியாக ஓடர் கொடுத்தார். அதற்கு முந்தின ஆண்டு அமெரிக்க ஜனாதிபதி தியடோர் ரூஸ்வெல்ட் வேட்டைக்குப் போய், கட்டி வைத்திருந்த ஒரு கரடியைச் சுட மறுத்த கதை பத்திரிகையில் கேலிச்சித்திரமாக வந்து, அங்கே கரடி மோகம் பற்றியிருந்தது. ‘டெடி’ என்பது அவருடைய செல்லப்பெயர். 1907இல் மட்டும் ஸ்டைஃப் கம்பனி 974,000 கரடிகளைச் செய்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கோ. ஒரு வருடத்தில் கிட்டத்தட்டப் பத்து லட்சம் கரடி. அதைத் தைத்தது ஆர்? அந்த ஆண்டு கம்பனிக்குள் வேலை செய்தவர்கள் சுமார் 400 பேர். வெளியில் தங்கட வீடுகளில் இருந்து தைத்துக் கொடுத்தவர்கள் சுமார் 1,800 பேர். உலகம் மார்கரெட்டவின் பெயரை நினைவு வைத்திருக்கிறது. வைத்திருக்கத்தான் வேணும். ஆனால் அடுப்பில் உலையை வைத்துவிட்டு வந்து கரடிக் காது தைத்த அந்த வீடுகளின் கதை பெரிசாக எழுதப்படவில்லை.

பொம்மை பையான கதை

விலங்குப் பொம்மைக்குள் சாமான் வைக்கிற யோசனை பிள்ளைகளுக்காக வந்ததில்லை. நியூரம்பேர்க் நகரில் 1912இல் தொடங்கிய, பின்னாளில் ஷூகோ என்று பெயர் பெற்ற கம்பனி 1920களில் உள்ளங்கையளவு கரடிகளைச் செய்தது. வயிற்றைத் திறந்தால் உள்ளே முகப்பவுடரும் கண்ணாடியும் இருக்கும். சிலதின் தலையைக் கழற்றினால் வாசனைப் போத்தல். நாகரிகமான பெண்கள் விருந்துக்குக் கொண்டு போகிற சாமான் அது. பிரித்தானியாவில் வேறு ஒரு வழக்கம் இருந்தது. இரவு உடுப்பை மடித்து வைக்கிறதுக்கு வயிற்றில் திறப்பு வைத்த நாய்ப் பொம்மைகள். பகலில் கட்டிலுக்கு மேலே நாய் மாதிரிப் படுத்திருக்கும்.

அதைப் பிள்ளைகளின் கைக்குக் கொண்டு வந்ததில் சிப்புக்கு ஒரு பங்கு இருக்கிறது. சுவீடனில் பிறந்து அமெரிக்காவில் வேலை செய்த கிடியோன் சண்ட்பேக் என்ற பொறியியலாளர் 1913இல் இன்றைய சிப்பின் அமைப்பை உருவாக்கினார். முதலில் அதிகம் ஓடியது சப்பாத்திலும் புகையிலைப் பையிலும். 1930களில் பிள்ளைகளின் உடுப்புக்கு வந்தது. அப்ப விளம்பரக்காரர் சொன்ன நியாயம், பிள்ளை ஆரையும் கூப்பிடாமல் தானாகவே திறந்து பூட்டும் என்பது. பொம்மைப் பையின் இன்பமும் அதுதானே. அம்மாவிடம் கேட்காமல் திறக்கலாம், தன்னுடையது எண்டு ஒன்றை உள்ளே ஒளித்து வைக்கலாம்.

துணியும் மாறியது. பழைய பொம்மைகள் அங்கோரா ஆட்டு மயிரில் நெய்த துணியால் செய்தவை, உள்ளே மரச்சீவல். விலை கூட, கழுவவும் ஏலாது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அக்ரிலிக், பொலியெஸ்ரர் என்று செயற்கை இழைகள் வந்தன. வேல்ஸ் நாட்டில் வெண்டி பொஸ்டன் என்ற பெண் தொடங்கிய கம்பனி, கழற்ற முடியாத பாதுகாப்பான பிளாஸ்ரிக் கண்ணையும், 1950களில் மெஷினில் போட்டுக் கழுவக் கூடிய கரடியையும் கொண்டு வந்தது. இன்றைக்கு ஒரு பாவித்த பொம்மையை வாங்கி, கழுவிக் காயவிட்டுப் பிள்ளையிடம் கொடுக்க ஏலுமாக இருப்பது இந்த மாற்றத்தால்தான். அது இல்லாட்டில் புசுபுசு நாய்க்குட்டிக்கு இரண்டாவது சீவியமே இல்லை.

“என்னைக் கூட்டிக்கொண்டு போ”

1980களில் அமெரிக்கப் பொம்மைச் சந்தை ஒரு புதுக்கதை கண்டுபிடித்தது. பொம்மையை நீங்கள் வாங்கவில்லை, தத்தெடுக்கிறீர்கள் என்பது அந்தக் கதை. கபேஜ் பட்ச் பொம்மைகள் தத்துப் பத்திரத்தோடு வந்து பெரிய பித்துப் பிடிக்க வைத்தன. ஒஹையோவில் கார்த் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்த மைக் போலிங், தன்ர மகள் அந்தப் பொம்மையில் வைத்திருந்த பிரியத்தைப் பார்த்து அதையே நாய்க்குட்டிக்குப் பொருத்தினார். 1984இல் அது ‘பவுண்ட் பப்பீஸ்’ என்று வந்தது. ‘பவுண்ட்’ எண்டால் சொந்தக்காரர் இல்லாத நாய்களைப் பிடித்து அடைத்து வைக்கிற இடம். சோர்ந்த கண், தொங்கின காது, மெலிந்த உடம்பு. ஆராவது வந்து கூட்டிக்கொண்டு போக மாட்டினமோ எண்டு பார்த்துக்கொண்டிருக்கிற முகம். கனடாவில் தொடங்கி, அடுத்த ஆண்டு டொன்கா என்ற பெரிய கம்பனியின் கைக்குப் போய், உலகம் முழுக்க விற்றது.

2001இல் ‘லீகலி ப்ளொண்ட்’ படத்தில் கதாநாயகி சின்ன நாயைத் தூக்கிக்கொண்டு திரிந்தாள். அந்த ஆண்டுகளில் பிரபலமான பெண்கள் கைப்பைக்குள் நாயை வைத்துக்கொண்டு படத்துக்கு நிற்பது நாகரிகமானது. பொம்மைக் கடைகளும் பின்தொடர்ந்தன. பைக்குள் நாய்க்குட்டி, நாய்க்குட்டியே பை, இரண்டு விதமும் அலுமாரிகளை நிரப்பின. இன்றைக்குப் பாவித்த சாமான்களுக்குள் கிடக்கிறவையில் கனக்க இந்த அலைக்குப் பிறகு வந்தவை.

இந்தத் தத்தெடுப்புக் கதையில் எங்களுக்கு ஒரு குறை தெரிகிறது. பிள்ளை பொம்மையில் அன்பு வைப்பதில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் “எனக்கு ஒருத்தரும் இல்லை, நீதான் எனக்கு எல்லாம்” என்று பொம்மை சொல்லும்போது ஒரு பொய்யும் சேர்ந்து வருகிறது. அந்த நாய்க்குட்டி ஒருத்தரும் இல்லாமல் வந்ததில்லை. கனபேரின் கை பட்டுத்தான் வந்தது.

எத்தனை கை?

புசுபுசுப் பொம்மையை முழுவதுமாக மெஷின் செய்கிறது எண்டு கனபேர் நினைக்கினம். அப்படி இல்லை. துணியை அடுக்கி, அச்சுக் கத்தியால் காது, வயிறு, பாதம் எண்டு வெட்டுவது ஒருவர். வெட்டின துண்டுகளைத் தையல் மெஷினில், மயிர்ப்பக்கம் உள்ளே போகும்படி மறுபக்கமாகத் தைப்பது இன்னொருவர். பிறகு சின்ன ஓட்டை வழியாக முழு உடம்பையும் உள்வெளியாகப் புரட்ட வேணும். கண்ணைக் குத்திப் பின்னால் பூட்டுப் போட வேணும். குழாய் வழியாகப் பொலியெஸ்ரர் பஞ்சை ஊதி நிரப்ப வேணும், கூடினாலும் குறைஞ்சாலும் முகம் கோணும். கடைசியில், பஞ்சு போன ஓட்டையை ஊசி நூல் எடுத்துக் கையால் தைத்து மூட வேணும். தையலுக்குள் மாட்டுப்பட்ட மயிரைக் கம்பித் தூரிகையால் இழுத்து விடவும் ஆள் வேணும். பைக்கு எண்டால் உள்துணி, சிப், வார் என்று இன்னும் வேலை.

இவ்வளவு கைவேலை இருக்கிறபடியால், இந்தத் தொழில் எப்பவும் குறைந்த கூலியைத் தேடி நகர்ந்துகொண்டே இருக்கிறது. 1970களிலும் 80களிலும் அமெரிக்கக் கடைகளின் புசுபுசுப் பொம்மைகளில் பெரும்பங்கு தென்கொரியாவில் தைத்தவை. 1987இல் அங்கே தொழிலாளர் போராட்டங்கள் பெரிதாக வெடித்துச் சம்பளம் ஏறத் தொடங்கியது. கம்பனிகள் தாய்லாந்து, இந்தோனேசியா, சீனா எண்டு பெட்டி கட்டின. எந்த நாட்டுக்குப் போனாலும் அவை தேடினது ஒரே ஆளைத்தான். கிராமத்தில் இருந்து வந்த, கலியாணம் கட்டாத, கேள்வி கேட்கப் பழகாத இளம் பெண்.

1993 மே 10

பாங்கொக் நகரத்துக்கு மேற்கே நகோன் பதோம் மாகாணத்தில் கேடர் என்ற பொம்மைத் தொழிற்சாலை இருந்தது. புசுபுசுப் பொம்மைகளும் பிளாஸ்ரிக் பொம்மைகளும் செய்து பெரும்பாலும் அமெரிக்காவுக்கும் மற்றப் பணக்கார நாடுகளுக்கும் அனுப்பினார்கள். 1993ஆம் ஆண்டு மே மாதம் 10ஆம் திகதி பின்னேரம் நாலு மணியளவில், நாலு மாடிக் கட்டடம் ஒன்றின் கீழ்த்தளத்தில் தீப்பிடித்தது. அங்கேதான் துணியும் செய்து முடித்த சாமானும் அடுக்கியிருந்தன. பஞ்சும் செயற்கை மயிரும் எப்படி எரியும் எண்டு சொல்லத் தேவையில்லை.

அந்தக் கட்டடத்தில் அபாய மணி அடிக்கவில்லை. மேல்மாடிகளில் தைத்துக்கொண்டு இருந்தவர்களுக்குப் புகை வந்த பிறகுதான் தெரிந்தது. கதவுகள் சில பூட்டிக் கிடந்தன. பொம்மைகளை ஆரும் களவெடுத்துக்கொண்டு போய்விடக் கூடாது என்பதற்காகப் பூட்டினது என்று பிழைத்தவர்கள் சொன்னார்கள். படிகள் போதாது. கனபேர் யன்னலால் குதித்தார்கள். கட்டடத்தின் இரும்புத் தூண்களுக்குத் தீத்தடுப்பு மூடுகை இல்லாதபடியால் சூட்டில் இளகி, கட்டடம் அப்படியே இருந்துவிட்டது.

செத்தவர்கள் 188 பேர். அதில் 14 பேரைத் தவிர மற்ற எல்லோரும் பெண்கள். காயப்பட்டவர்கள் நூற்றுக்கணக்கில். 1911இல் நியூயோர்க்கில் ட்ரயங்கிள் ஆடைத் தொழிற்சாலை எரிந்து 146 பேர் செத்தபோதும் கதவு பூட்டித்தான் இருந்தது. அந்தத் தீயைத் தொழிலாளர் வரலாறு படிக்கிற எல்லோரும் அறிவார்கள். 82 வருடம் கழித்து அதைவிடக் கூடப் பேர், அதே மாதிரிப் பூட்டின கதவுக்குப் பின்னால் செத்ததை அவ்வளவு பேர் அறிய மாட்டினம்.

வழக்குப் பத்து வருடம் இழுபட்டது. 2003இல் தீர்ப்பு வந்தபோது கம்பனிக்குத் தண்டப்பணம். சிறைத்தண்டனை ஒரே ஒருவருக்கு. சிகரட் வீசித் தீ வைத்தார் என்று குற்றஞ்சாட்டப்பட்ட ஒரு தொழிலாளிக்கு. கதவைப் பூட்டச் சொன்னது ஆர், மணி ஏன் அடிக்கவில்லை என்ற கேள்விகளுக்காக ஒருத்தரும் சிறைக்குப் போகவில்லை.

அதே 1993, நவம்பர் 19. சீனாவின் ஷென்சென் நகரில் சிலி என்ற பொம்மைத் தொழிற்சாலையில் தீ. 87 பேர் செத்தார்கள். அங்கேயும் யன்னலுக்குக் கம்பி, கதவுக்குப் பூட்டு. அந்தத் தொழிலாளர்கள் ஊருக்கு எழுதினதும் ஊரில் இருந்து அவர்களுக்கு வந்ததுமான கடிதங்கள் பிறகு கிடைத்தன. ஆய்வாளர்கள் அவற்றைப் படித்து எழுதினார்கள். சம்பளம், வீட்டுக்கு அனுப்பின காசு, ஊர்ப் புதினம், வேறு எங்க நல்ல வேலை கிடைக்கும் என்ற விசாரிப்பு. வெளிநாட்டுக்கோ கட்டுநாயக்காவுக்கோ போன பிள்ளைகளோடு எங்கட வீடுகளில் போனில் கதைக்கிற அதே விசயங்கள்.

இந்த மரணங்களால் ஒன்றுமே மாறவில்லை எண்டு சொல்ல மாட்டோம். தப்பிப் பிழைத்தவர்களும் குடும்பங்களும் போராடி, முதலில் தருவதாகச் சொன்னதை விடக் கூடின நட்டஈடு வாங்கினார்கள். ஹொங்கொங்கில் தொழிலாளர் அமைப்புகள் பாதுகாப்பான பொம்மை உற்பத்திக்காக ஒரு சாசனம் எழுதிக் கம்பனிகளை நெருக்கின. சீனாவின் தொழிற்சட்டம் 1995இல் நடைமுறைக்கு வந்தது. தாய்லாந்து அரசு 1997இல் மே 10ஐத் தேசியத் தொழிற்பாதுகாப்பு நாளாக அறிவித்தது. இவை தானாகக் கிடைத்தவை இல்லை, கேட்டு வாங்கினவை.

எங்களுக்கு இது தூரத்துக் கதையா?

கட்டுநாயக்கா சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கினது 1978இல். அங்கே பெரும்பாலும் தைப்பது உடுப்பு. ஆனால் ஆள் அதே ஆள்தான், கிராமத்தில் இருந்து வந்து போர்டிங்கில் இருந்துகொண்டு டாகெட்டுக்குத் தைக்கிற இளம் பெண். போருக்குப் பிறகு கிளிநொச்சியிலும் ஆடைத் தொழிற்சாலைகள் திறந்தன. எங்கட தங்கச்சிமாரும் மச்சாள்மாரும் விடியக் காலமை பஸ் ஏறிப் போகினம். அவை தைக்கிற காற்சட்டையை எங்கேயோ ஒரு பிள்ளை போட்டு, வளர்ந்து, கட்டையாகிப் போனதும் கழித்துவிடும். கீங்கனில் காது தைத்த பெண்ணும், நகோன் பதோமில் வயிறு தைத்த பெண்ணும், இங்கே காற்சட்டை தைக்கிற பெண்ணும் ஒரே வரிசையில் இருக்கினம்.

கழித்துவிட்ட சாமானுக்கும் கை வேணும். பணக்கார நாடுகளில் தானமாகக் கொடுக்கிற உடுப்பிலும் பொம்மையிலும் கனக்க அங்கே விற்பதில்லை, பொதியாகக் கட்டிக் கப்பலில் ஏற்றப்படுகின்றன. குஜராத்தின் கண்ட்லா வலயத்தில் அப்படிப்பட்ட பொதிகளைப் பிரித்துத் தரம் பார்க்கிற கூடங்கள் இருக்கின்றன. அங்கே குவியலுக்கு முன்னால் நின்று, இது திரும்ப விற்கலாம், இது கந்தல் எண்டு பிரிக்கிறவர்களில் பெரும்பகுதி பெண்கள்தான்.

பாவித்த சாமான் வாங்குவதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை எண்டு நாங்கள் நினைக்கிறோம். ஒருத்தியின் உழைப்பு ஒரு பிள்ளையோடு முடிந்து குப்பைக்குப் போகாமல், இரண்டாவது, மூன்றாவது பிள்ளைக்கும் போய்ச் சேருகிறது. அது அந்த உழைப்புக்குச் செய்கிற சின்ன மரியாதை. அதற்காகப் பாவித்ததை வாங்கினால் உலகம் திருந்திவிடும் எண்டும் சொல்ல வரவில்லை. கேடரில் செத்தவர்களுக்குத் தேவைப்பட்டது எங்கட அனுதாபம் இல்லை. திறந்த கதவும், அடிக்கிற மணியும், “இந்தக் கதவைத் திற” எண்டு பயமில்லாமல் கேட்கக் கூடிய ஒரு சங்கமும்தான். அது இன்றைக்கும், இங்கேயும், கேட்க வேண்டிய கேள்வி. உங்கட வீட்டில் ஆராவது தொழிற்சாலைக்குப் போகினமா? அவை தைக்கிற மண்டபத்துக் கதவு எந்தப் பக்கம் திறக்கும் எண்டு ஒருக்காக் கேட்டுப் பாருங்கோ.

அப்படி ஒரு நாய்க்குட்டிப் பை உங்கட கைக்கு வந்தால் முதலில் கண்ணை இழுத்துப் பாருங்கோ, கழன்று சின்னப் பிள்ளையின் வாய்க்குள் போகக் கூடாது. சிப் ஓடுதோ எண்டு பாருங்கோ. கழுவிக் காயவிடுங்கோ. பிறகு அதைத் திருப்பித் தடவிக்கொண்டு போனால் ஒரு இடத்தில் இரண்டு மூன்று விரற்கடை நீளத்துக்குத் தையல் கொஞ்சம் வேறு மாதிரி இருக்கும். பஞ்சு அடைத்த பிறகு கையால் தைத்து மூடின இடம் அது. நாய்க்குட்டிக்கு ஒருத்தரும் இல்லையோ எண்டு பிள்ளை கேட்டால் அந்தத் தையலைக் காட்டுங்கோ. இதை ஒரு அக்கா தைச்சவா எண்டு சொல்லுங்கோ.